ஏழை ஒழுங்காக மருந்து சாப்பிடுவானா?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்து வரும் ஸ்டேஷனுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் பெயர்தான் பெயர். தாம்பரம் சானடோரியம் என்கிறது பலகை. தினந்தோறும் அங்கே ஏறி இறங்குகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு இன்று அது ஒரு பேட்டையின் பெயர், அவ்வளவுதான். வீட்டு வாடகை விசாரிக்கும்போதும், கல்யாணப் பத்திரிகையில் விலாசம் அச்சடிக்கும்போதும் யாரும் தயங்குவதில்லை. ஆனால் இந்தப் பெயரைச் சொல்லவே வாய் கூசிய காலம் ஒன்று இருந்தது. "அவரைத் தாம்பரத்துக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் போதும். நோய் இன்னதென்று சொல்ல வேண்டிய அவசியமே இராது. அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் ஊரார் யோசித்தார்கள்.

க்ஷயரோகம் என்றும் காசநோய் என்றும் சொல்லப்படும் அந்த வியாதிக்கு உடம்பில் ஒரு பாதியும் வெளியில் ஒரு பாதியும் உண்டு. கிருமியும் சளியும் எக்ஸ்ரே படமும் உடம்புப் பாதி. வீடு, வேலை, பசி, வெட்கம், மாமியார், கடன்காரன் என்பதெல்லாம் மற்ற பாதி. இந்த மற்ற பாதியையும் கணக்கெடுத்து ஆராய வேண்டும் என்ற எண்ணம் உலகத்துக்கு மெல்லத்தான் வந்தது. அப்படி ஆராய்ந்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது என்பதும், அதன் பாடங்கள் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போயின என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.

காற்றும் பாலும் முட்டையும்

தாம்பரத்தில் சானடோரியத்தை 1928-ம் வருஷம் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோகிகளுக்கென்று சானடோரியம் நடத்திப் பெயர் பெற்றவர் அவர். கணித மேதை ராமானுஜன் 1914-ல் சீமைக்குப் போனபோது அதே கப்பலில் பிரயாணம் செய்தவர். பிறகு ராமானுஜன் நோயில் விழுந்தபோது சில காலம் இவருடைய சானடோரியத்திலேயே தங்கியிருந்தார். ராமானுஜனுக்கு வந்தது க்ஷயம்தானா என்று பிற்கால வைத்தியர்கள் சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். அது தனிக் கதை.

பச்சைமலை அடிவாரத்தில் சுமார் 250 ஏக்கர் நிலம், 12 படுக்கைகள். ஆரம்பம் இவ்வளவுதான். அந்த நாளில் க்ஷயத்துக்கு மருந்து என்று ஒன்று கிடையாது. சுத்தமான காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை, நல்ல சாப்பாடு, கவலையில்லாத மனம் ஆகியவையே வைத்தியம். பட்டணத்துப் புகையும் நெருக்கடியும் இல்லாத, ஆனால் ரயிலில் போய்வரக்கூடிய இடமாகத் தாம்பரம் வாய்த்தது. 1931-ல் மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது. 1937-ல் அரசாங்கம் சானடோரியத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அதன்பின் படுக்கைகள் பெருகின; நோயாளிகள் அதைவிட வேகமாகப் பெருகினார்கள்.

இந்தக் காற்று வைத்தியத்தில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. பாலும் முட்டையும் ஓய்வும் யாருக்குக் கிட்டும்? மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், படுத்திருக்க எந்தக் கூலிக்காரனால் முடியும்? அவன் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. நாடு முழுவதும் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். சானடோரியத்தின் வாசலில் காத்திருந்தே கண்ணை மூடியவர்கள் எத்தனை பேரோ!

மாத்திரை வந்தது, சந்தேகமும் வந்தது

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதையொட்டிப் பி.ஏ.எஸ். என்னும் மருந்து வந்தது. 1952-ல் ஐசோனயசிட் வந்தது. இந்தக் கடைசி மருந்து மலிவானது, மாத்திரையாக விழுங்கலாம், ஊசி வேண்டாம். அப்படியானால் நோயாளியைப் படுக்கையில் கிடத்தி வைப்பானேன்? வீட்டிலேயே மாத்திரையைக் கொடுத்தனுப்பினால் என்ன?

இந்தக் கேள்வியை அந்தக் காலத்து நிபுணர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்களுடைய ஆட்சேபணைகள் மூன்று. பட்டினியும் பழங்கஞ்சியுமாக இருக்கிறவனுக்கு மருந்து மட்டும் கொடுத்தால் வேலை செய்யாது என்பது ஒன்று. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீட்டில் நோயாளியை விட்டுவைத்தால் பெண்டு பிள்ளைகளுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பது இரண்டாவது. மூன்றாவதை வெளிப்படையாகச் சொல்ல யோசித்தாலும், மனத்தில் எல்லாரும் வைத்திருந்தார்கள்: ஏழை, படிப்பில்லாதவன், ஒரு வருஷ காலம் தினந்தோறும் ஒழுங்காக மருந்து சாப்பிடுவானா? உடம்பு கொஞ்சம் தேறியதும் மாத்திரையை மூலையில் போட்டுவிட மாட்டானா?

மூன்றும் நியாயமான சந்தேகங்கள்தாம். ஆனால் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

சேத்துப்பட்டில் ஒரு பரீட்சை

சோதித்துப் பார்க்க 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. தலைமை ஏற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேயர். கூட இருந்து உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

பரீட்சைக்கு எடுத்துக்கொண்டவர்கள் 193 பேர். பட்டணத்தில் நெருக்கடியான பகுதிகளில் வசித்த ஏழைகள். எல்லாருக்கும் சளியில் கிருமி இருந்தது. நோய் முற்றியவர்களும் அதில் உண்டு. இவர்களில் யாரை வீட்டில் வைப்பது, யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல, எதேச்சையாகவே பிரிக்கப்பட்டார்கள். அப்படிப் பிரிக்காவிட்டால், தேறக்கூடியவனாகத் தோன்றியவனை ஒரு பக்கமும் தேறாதவனை மறுபக்கமும் வைத்தியர் தம்மையறியாமலே தள்ளிவிடக்கூடும் அல்லவா? வீட்டுக்கு 96 பேர், சானடோரியத்துக்கு 97 பேர் என்று விழுந்தது. இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனயசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும். ஒரு வருஷ காலம்.

தாம்பரம் எந்த வைத்திய முறைக்குச் சின்னமாக நின்றதோ அந்த முறையையே கூண்டில் ஏற்றிய பரீட்சை இது. சானடோரியவாசிக்குப் படுக்கை, ஓய்வு, வேளா வேளைக்குச் சத்தான சாப்பாடு, பக்கத்தில் நர்ஸ். வீட்டில் இருந்தவனுக்கோ பழைய குடிசை, பழைய கஞ்சி. அவனால் ஓய்வெடுக்கவும் முடியவில்லை. நடக்கத் தெம்பு வந்ததும் வேலைக்குப் போனவர்கள் பலர். வீட்டுக்காரர்கள் உண்ட உணவை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் சானடோரியத்துச் சாப்பாட்டைவிட மட்டமாகவே அது இருந்தது.

மருந்து சாப்பிடுகிறானா என்பதையும் வெறும் நம்பிக்கைக்கு விடவில்லை. நோயாளி வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்தை வாங்கிச் செல்ல வேண்டும். சுகாதார ஊழியர் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணுவார். சிறுநீரை வாங்கிச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார். போகிற இடத்தில் மாத்திரையை எண்ணுவதோடு வேலை முடிந்துவிடாது. வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை, வேலை போனதா, குழந்தைக்குக் காய்ச்சலா என்பதெல்லாம் அந்தத் திண்ணையில் பேச்சுக்கு வரும். நோயின் மற்ற பாதி என்று முன்னே சொன்னோமே, அது புலப்பட்டது அந்தத் திண்ணையில்தான்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷ முடிவில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும், சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அவ்வளவு ஓய்வும் உபசாரமும் சேர்ந்து உண்டாக்கிய வித்தியாசம் இவ்வளவுதான். ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தபோதும் வீட்டு வைத்தியம் செய்துகொண்டவர்கள் பின்தங்கவில்லை.

குடும்பத்தாருக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் என்னவாயிற்று? நோயாளியின் பெண்டு பிள்ளைகளையும் ஐந்து வருஷம் கண்காணித்தார்கள். வீட்டிலேயே இருந்த நோயாளியின் குடும்பத்தில் நோய் அதிகமாகத் தோன்றவில்லை. காரணம் யோசித்துப் பார்த்தால் விளங்கும். கிருமி பரவ வேண்டிய அளவு, நோய் இன்னதென்று தெரிவதற்கு முந்திய மாதங்களிலேயே பரவிவிடுகிறது. மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் சீக்கிரத்தில் நோயாளியின் இருமலுக்குப் பரப்பும் சக்தி குறைந்துவிடுகிறது. ஆகவே, நோய் கண்ட பின் அப்பாவைப் பிள்ளையிடமிருந்து ஒரு வருஷம் பிரித்து வைத்ததால் பிள்ளைக்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. பிரிவின் துக்கம்தான் மிச்சம்.

சானடோரியம் சென்றவர்களில் சிலர் வருஷம் முடியுமுன்பே மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல சாப்பாட்டையும் மெத்தையையும் விட்டுவிட்டு ஏன் போனார்கள்? குடும்பம் சம்பாதிப்பவனைக் கூப்பிட்டது. மருந்துக்கு அடங்காத வியாதி அது.

கெட்டிக்காரத்தனமும் குளறுபடியும்

இந்த ஆராய்ச்சி உலகத்துச் சானடோரியங்களின் கதவை அடைக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. ஜில்லா தோறும் வீட்டுச் சிகிச்சை என்பதே அதன் அடிப்படை. இங்கேதான் ஒரு பிசகு நேர்ந்தது. சேத்துப்பட்டில் வீட்டுக்கு மாத்திரை மட்டும் போகவில்லை. மாத்திரையோடு ஒரு மனிதரும் போனார். நாடெங்கும் பரவியபோது மாத்திரை போயிற்று, மனிதர் போகவில்லை. பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். 1992-ல் திட்டத்தைப் பரிசீலித்தபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் முழுவதும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று தப்பை நோயாளியின் தலையில் கட்டுவது சுலபமாகிவிட்டது.

உண்மையில் நோயாளியைக் குறை சொல்ல முடியாது என்பதை 1963-லேயே காட்டிவிட்டார்கள். பெங்களூரில் தேசிய காசநோய் நிலையம் 1959-ல் தொடங்கியது. அங்கே டாக்டர் தேவவர் பானர்ஜியும் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டிக் ஆண்டர்சனும் ஒரு சமூக ஆராய்ச்சி செய்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் கிருமி கண்டவர்களைத் தேடிப் போய், "உமக்கு என்ன செய்கிறது? என்ன செய்தீர்?" என்று கேட்டார்கள். கிராமத்தான் இருமலைப் பொருட்படுத்துவதில்லை, ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டான் என்பதே எல்லாரும் நம்பியது. விசாரணையில் வெளிவந்ததோ வேறு. பாதிக்கு மேற்பட்டவர்கள் தாமாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் தண்ணீர். அதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து விட்டார்கள். வராதவன் நோயாளியல்ல; பார்க்காதவர்தான் வைத்தியர்.

சேத்துப்பட்டு நிலையமும் சும்மா இருக்கவில்லை. தினமும் மாத்திரை விழுங்க முடியாதவனுக்கு வாரத்தில் இரண்டே நாள், ஊழியரின் கண்ணெதிரே மருந்து கொடுத்தால் போதுமா என்று பரீட்சித்து, போதும் என்று 1964-ல் சொல்லிற்று. கண்ணெதிரே கொடுக்கும் இந்த முறைதான் பின்னாளில் உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா நாடுகளுக்கும் சொன்ன 'டாட்ஸ்' முறைக்கு ஒரு வேர்.

இன்னொரு வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

கடல் தாண்டிய பாடம்

சென்னையிலிருந்து திரும்பிய வாலஸ் ஃபாக்ஸ், டெனிஸ் மிச்சிசன் என்னும் கிருமி நிபுணரோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் அடுத்த பரீட்சைகளை நடத்தினார். சென்னையில் தேடிய அதே விடையைத்தான் அங்கேயும் தேடினார்கள்: ஏழை நாடு தாங்கக்கூடிய விலையில், ஏழை மனிதன் தாங்கக்கூடிய காலத்தில், என்ன சிகிச்சை? பி.ஏ.எஸ். மருந்துக்குப் பதிலாக மலிவான தயாசிட்டசோன் செல்லுமா என்று பார்த்தார்கள். பிறகு 1970-ல் தொடங்கி, ஒன்றரை வருஷச் சிகிச்சையை ஆறே மாதத்துக்குக் குறைக்க முடியுமா என்று கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா நாட்டு நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். 1972-ல் வெளியான விடை, முடியும் என்பது. இன்று சைதாப்பேட்டையிலும் செங்கல்பட்டிலும் காசநோயாளிக்கு ஆறு மாதச் சிகிச்சை என்றால், அதன் பின்னால் முகம் தெரியாத அந்த ஆப்பிரிக்க நோயாளிகள் இருக்கிறார்கள்.

தான்சானியாவில் கரேல் ஸ்டிப்ளோ என்னும் நிபுணர் 1970-களின் பிற்பகுதியில் நாடு தழுவிய திட்டம் ஒன்றை வகுத்தார். எவ்வளவு ஏழை நாடானாலும், மருந்து தட்டாமல் கிடைத்து, ஒவ்வொரு நோயாளியின் கதியையும் பதிவேட்டில் எழுதிவந்தால், பெரும்பாலோரைக் குணப்படுத்தலாம் என்று அது காட்டிற்று. சென்னையின் கண்காணிப்பும் தான்சானியாவின் பதிவேடும் சேர்ந்ததுதான் டாட்ஸ்.

மறுபடியும் தாம்பரம்

இதற்குள் தாம்பரத்துக்கு வேறொரு சோதனை வந்து சேர்ந்தது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் சில பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியைக் கண்டார்கள். இந்தியாவில் அதுவே முதல் தடவை. எய்ட்ஸ் என்ற பெயர் வீட்டுக்கு வீடு பயமாகப் பரவிற்று. க்ஷயத்துக்கு முன்பு நடந்ததெல்லாம் இரட்டிப்பாக மறுபடி நடந்தது. தொட்டால் ஒட்டும் என்று பயந்தார்கள். தட்டைத் தனியே வைத்தார்கள். கணவன் இறந்ததும் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். பல ஆஸ்பத்திரிகளில் படுக்கை கொடுக்கவில்லை.

எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், அத்தகையவர்களைக் காசநோய் எளிதாகப் பற்றுகிறது. அப்படி இருமிக்கொண்டு வந்தவர்களுக்குத் தாம்பரம் கதவைத் திறந்தது. 1990-களில் அங்கே வந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மட்டுமல்ல. ஆந்திராவிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். வீட்டுச் சிகிச்சை வந்த பிறகு இனி எதற்கு என்று கேட்கப்பட்ட படுக்கைகள், வேறெங்கும் இடமில்லாதவர்களால் நிரம்பின. இந்தியாவிலேயே எச்.ஐ.வி. நோயாளிகளை அதிகம் பராமரித்த இடமாகத் தாம்பரம் ஆயிற்று. விதி என்று சிலர் சொல்லலாம். ஒரு நோயாளியையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற பழக்கம் அங்கே ஐம்பது அறுபது வருஷமாக ஊறிப்போயிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

அப்போது எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து மேல்நாட்டில் வந்துவிட்டது. ஆனால் விலை? ஏழை நாடுகளுக்கு எட்டாத உயரம். விலை இறங்கத் தொடங்கியதும் பழைய கேள்வி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஆயுள் முழுவதும், நேரம் தவறாமல், இந்த மருந்தை ஏழை சாப்பிடுவானா? 2001-ல் அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டு உதவி ஸ்தாபனத்துத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்ஸியோஸ் இதைப் பகிரங்கமாகவே சொன்னார். ஆப்பிரிக்காவில் பலருக்குக் கடிகாரம் என்றால் என்னவென்று தெரியாது. காலை, நண்பகல், மாலை, இரவு என்பதே அவர்கள் அறிந்த நேரம். அவர்களுக்கு நேரப்படி மருந்து கொடுப்பது இயலாத காரியம் என்பது அவர் வாதம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் சென்னைக் குடிசைக்காரனைப் பற்றிச் சொன்னதேதான்! மனிதர்களும் கண்டங்களும் மாறினாலும் வாதம் மாறவில்லை.

இந்த முறையும் அளந்து பார்த்தார்கள். ஆப்பிரிக்காவில் நடந்த 27 ஆராய்ச்சிகளையும் வட அமெரிக்காவில் நடந்த 31 ஆராய்ச்சிகளையும் தொகுத்து 2006-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்கள் வட அமெரிக்காவில் நூற்றுக்கு 55 பேர். ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 77 பேர். கடிகாரம் கட்டியவன் தோற்றான்!

நன்றிக்கடன்

ஏன் அப்படி என்ற கேள்விக்கு எண்கள் பதில் சொல்லா. நார்மா வேர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும் நைஜீரியா, தான்சானியா, உகாண்டா நாடுகளுக்குப் போய் நோயாளிகள், அவர்களுக்குத் துணையாக வருபவர்கள், வைத்திய ஊழியர்கள் என்று 252 பேரோடு 414 தடவை உட்கார்ந்து பேசினார்கள். 2009-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின் சாரம் இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு இல்லாதவன் அண்ணனிடம் வாங்குகிறான். சாப்பாடு அக்கா கொடுக்கிறாள். மருந்து வாங்கப் போகும் நாளில் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள். இப்படி நாலு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட்டபின், மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி படுத்தால் அவர்கள் முகத்தில் விழிப்பது எப்படி? நாளைக்கு வேறொரு கஷ்டம் வந்தால் யாரிடம் போவது? ஆகவே சாப்பிடுகிறான். நம் ஊரில் இதற்கு நன்றிக்கடன் என்று பெயர். ஆப்பிரிக்க நாட்டுக் குடும்பங்களில் அதைத் தேடிப் பிடித்து எழுத மேல்நாட்டு நிபுணர்களுக்கு நாட்கள் பிடித்தன. தமிழனுக்கு ஒரே வார்த்தையில் புரிந்துவிடுகிறது.

2004-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசாங்கம் எட்டு ஆஸ்பத்திரிகளில் தொடங்கியபோது, அவற்றில் தாம்பரமும் ஒன்று. மருந்தைக் கையில் கொடுக்கும் முன் ஆலோசகர் நோயாளியோடு பேசுகிறார். வீட்டில் யாருக்குத் தெரியும்? யார் துணைக்கு வருவார்? ஊருக்குப் போனால் மாத்திரையை எங்கே வைப்பீர்? கேள்விகளின் ஜாதி சேத்துப்பட்டுத் திண்ணைக் கேள்விகளின் ஜாதிதான்.

துணைக்கு ஆளே இல்லாதவர்களும் உண்டு, பெரும்பாலும் பெண்கள். 1998-ல் சென்னையில் கௌசல்யா முதலிய பெண்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து, தமக்கு எச்.ஐ.வி. உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லி ஒரு சங்கம் அமைத்தார்கள். உறவினர் கைவிட்ட இடத்தில் உறவினராக நிற்க அந்தச் சங்கம் முன்வந்தது.

காசநோயிலும் பெண்ணின் பாடு தனி என்பதைச் சேத்துப்பட்டு நிலையத்தார் 1999-ல் எழுதிய ஆராய்ச்சி சொல்கிறது. தென்னிந்தியாவில் 304 நோயாளிகளின் குடும்பங்களை விசாரித்ததில், பெண் நோயாளிகளில் நூற்றுக்கு 15 பேரைக் குடும்பத்தார் ஒதுக்கியிருந்தார்கள். வியாதியால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த செலவும் கூலி நஷ்டமும் சராசரி 5,986 ரூபாய். மருந்து இலவசம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 11 பேர் படிப்பை நிறுத்தினார்கள்; இன்னும் 8 பேர் வேலைக்குப் போனார்கள்.

கஞ்சிக்கும் ஒரு கணக்கு

1959-ம் வருஷத்து முடிவைப் படித்த சிலர், "சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும்" என்று எடுத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. ஒழுங்காக மருந்து உட்கொண்டால் ஏழைச் சாப்பாட்டிலும் நோய் அடங்கும் என்றே சொல்லிற்று. நோய் வருவதற்கே பட்டினி காரணமா என்ற கேள்வியை அது கேட்கவில்லை.

அந்தக் கேள்வி ஜார்க்கண்டில் கேட்கப்பட்டது. 2019-ல் தொடங்கிய பரீட்சையில் 2,800 நோயாளிகளின் வீடுகளில், கூடவே வசிக்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கண்காணிக்கப்பட்டார்கள். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பகுதி வீடுகளில் மட்டும் குடும்பத்தார் எல்லாருக்குமே மாதந்தோறும் அரிசி பருப்பு முதலியவை தரப்பட்டன. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது என்று 2023-ல் அறிவித்தார்கள். சேத்துப்பட்டு நிலையம் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் மாறியிருக்கிறது. இந்தப் பரீட்சையில் அதற்கும் பங்கு உண்டு. டாக்டர் சௌரிமுத்துவின் பாலும் முட்டையும் அடியோடு தோற்றுப்போய்விடவில்லை. சானடோரியத்து நோயாளியின் தட்டைவிட, வீட்டிலிருக்கும் பிள்ளையின் தட்டிலேதான் அதற்கு வேலை அதிகம் என்று தெரிகிறது.

படுக்கைக்கும் பழையபடி ஓர் அவசியம் வந்திருக்கிறது. எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு. தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கிற்று. நோய் இன்னதென்று தெரிந்த கையோடு, வைத்தியம் தொடங்கும் நாளிலேயே, ஒவ்வொரு நோயாளியையும் சில எளிய வழிகளில் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா? நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு வாங்குகிறது? ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? இதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸே பார்த்துவிடலாம். நிற்க முடியாதவருக்கு உடனே ஆஸ்பத்திரியில் படுக்கை. நிற்க முடிந்தவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, துணைக்கு வந்தவரோடு வீட்டுக்கு நடக்கிறார்.